ஓடு

அந்த வருஷம் மாங்குளத்தில் இரண்டு நேரம் இருந்தது.
வாசிகசாலைக் கூட்டம் நாலு மணிக்கு என்றால்
கொழும்பு நேரத்தில் வாழும் தபாலதிபர் அருமைநாயகம்
அரை மணி முந்தி வந்து
சுவர் எழும்பாத கட்டடத்துக்கு வெளியே
செருப்பைக் கழற்றிவிட்டுக் காத்திருப்பார்.
நான் செயலாளர். குறிப்பேடு என் கையில்.
இரண்டு நேரத்தையும் எழுதி
நடுவே ஒரு கோடு போடுவேன்.

தை மாதத் தீர்மானம்:
பின்வளவில் கண்ணி எடுத்து முடியும்வரை
மண்டையோட்டுப் பலகைக்கு இப்பால் மட்டும் கதிரை.
முன்மொழிந்தவர் சூசைமுத்து,
வழிமொழிந்தவர் அவருடைய மருமகன்.
மாடு தீர்மானத்துக்குக் கட்டுப்படுமோ என்று யாரோ கேட்க
சிரித்தோம். அதை எழுதவில்லை.
மாசியில் ஒரு மாடு கட்டுப்படவில்லை.

தார் காய்ந்த வீதியில் தெற்கிலிருந்து வான்கள்,
நயினாதீவுக்குப் போகும் வெள்ளை உடுப்புகள்.
இறங்கி, இடிந்த எங்கள் ஸ்டேசனோடு நின்று படம் எடுத்தார்கள்.
இளநீர் விற்ற பெடியன்
சிங்களத்தில் இருபதுவரை எண்ணப் பழகியிருந்தான்.
ஓர் இளநீர் இருபத்தைந்து ரூபாய்.
மிச்ச ஐந்தை விரலில் காட்டினான்.

சித்திரையில் வோட்டு. பெட்டி இங்கே வராது.
ஓமந்தைக்கு அப்பால் பஸ்ஸில் போய்,
பையைக் கொட்டிக் காட்டி,
வெயிலில் நின்று, போட்டோம்.
திரும்புகையில் எல்லார் சுண்டுவிரலிலும் மை.
ஒரு நாள் முழுக்க எங்களை
ஒருவர் எண்ணியிருக்கிறார் என்ற நினைப்பே புதிது.
வைகாசிக் கூட்டத்துக்குச் சமுகமளிக்காதோர்: இலட்சுமிகாந்தன்.
மகனைத் தேடிப் போயிருந்தார்.
எங்கே என்று எல்லோருக்கும் தெரியும்.
பின்வரிசையில் இயக்கத்துப் பிரதிநிதி
பேசாமல் இருந்தார்.
நாங்களும் பேசாமல்
கிணற்றுக் கட்டுக்குச் சீமெந்து எத்தனை பை என்று பேசினோம்.

பிறகு கூரை.
ஆவணி முழுக்கக் கூரைதான்.

தகரம் என்றார்கள் பாதிப் பேர்.
தகரம் கழற்றலாம். சைக்கிளில் கட்டலாம்.
எங்கள் தகரங்கள் மல்லாவி பார்த்தவை,
புதுக்குடியிருப்பு பார்த்தவை,
ஆணித் துளை ஒவ்வொன்றும் ஒவ்வோர் ஊர்.
ஓட்டை யார் சுமப்பது?
பொருளாளர் எழுந்து, ஓடு என்ற சொல்லுக்கு
இரண்டு பொருள் உண்டு, பத்து வருஷமாய்
எங்களுக்கு ஒன்றுதான் தெரியும் என்றார்.
கைதட்டல்.

பழனியாயி கை உயர்த்தினார்.
எழுபத்தேழில் நாவலப்பிட்டியிலிருந்து வந்தவர்,
ஒரு கூட்டத்திலும் வாய் திறக்காதவர்.
"லயத்துல தகரக் கூரைதான்.
மழ பேஞ்சா பக்கத்துல அழுவுற புள்ள சத்தம் கேக்காது.
இது பேசுற எடம்தானே?"
அவ்வளவுதான். இருந்துவிட்டார்.

ஓட்டுக்கு இருபத்தொன்று, தகரத்துக்குப் பதினேழு.
நான் தகரத்துக்குக் கை தூக்கினேன்.
குறிப்பேட்டில் "ஏகமனதாக" என்று எழுதினேன்.

தங்கொட்டுவ ஓடு லொறியில் வந்தது.
ஓமந்தையில் ஒவ்வொன்றாக இறக்கி
ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தார்களாம்.
எண்பத்தாறு உடைவு. கணக்கில் எழுதினோம்.

மார்கழியில் கடல் முல்லைத்தீவுக்குள் வந்தது.
சூசைமுத்துவின் தமக்கை வீட்டார், அயலவர்,
அயலவரின் அயலவர், பதினாறு குடும்பம்
வாசிகசாலைத் தரையில் படுத்தது.
பேப்பர் வாசிக்கும் மேசையில் இரண்டு குழந்தைகள்.
மூன்றாம் நாள் இரவு நல்ல மழை.
தபாலதிபர் ரோர்ச் பிடிக்க
நான் வரிசையாகப் பெயர் கூப்பிட்டேன்.
ஓட்டின் மேலே மழை.
கூப்பிட்ட பெயரெல்லாம்
மூலைவரை கேட்டது.
பதில் வராத பெயர்களும்.